இல்லை என்று காட்டுவது

நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்கிறது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்கிறது தீர்ப்பு. மறுநாள் டீக்கடையில் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. ‘அவர் செய்யவே இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே’ என்பார் ஒருவர். ‘செய்தவர்தான், சாட்சி சரியில்லாமல் தப்பிவிட்டார்’ என்பார் இன்னொருவர். தீர்ப்பில் இல்லாத ஒன்றை இருவருமே அதில் படித்துவிட்டார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்காமல் மூன்று நிலைகளைத் தனித்தனியே வரையறுத்தது. ஒரு செய்தி உண்மை என்று விவேகமுள்ளவர் நம்பி நடக்கும் அளவுக்குச் சான்று இருந்தால் அது மெய்ப்பிக்கப்பட்டது. அந்தச் செய்தி உண்மையில்லை என்று அதே அளவுக்குச் சான்று இருந்தால் அது பொய்ப்பிக்கப்பட்டது. இரண்டு பக்கமும் சான்று போதவில்லை என்றால் அது மெய்ப்பிக்கப்படாதது, அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் இந்த மூன்று வரையறைகளும் தொடர்கின்றன.

அறிவியல் செய்திகளைப் படிக்கும்போது இந்த மூன்றாவது நிலையை நாம் எளிதாகத் தொலைத்துவிடுகிறோம். ‘ஆதாரம் கிடைக்கவில்லை’, ‘மறுக்கப்பட்டது’, ‘பொய் என நிரூபணம்’, ‘கைவிடப்பட்ட கொள்கை’ ஆகிய நான்கும் தலைப்புகளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வந்துபோகின்றன. உண்மையில் இவை நான்கும் வேறுவேறு நிலைகள். மறுப்பதற்குச் சான்று எதுவும் தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னாலே அது மறுப்பு. ஆதாரம் கிடைக்காமல் போவதற்குத் தேடாமல் இருந்தாலே போதும். பொய்ப்பித்தல் மட்டும்தான் மெய்ப்பித்தலுக்கு இணையான உழைப்பைக் கேட்கிறது. ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதோடு அது முடிவதில்லை. ‘இருந்திருந்தால் என் தேடலில் கட்டாயம் சிக்கியிருக்கும்’ என்பதையும் சேர்த்து நிறுவினால்தான் பொய்ப்பித்ததாகும். இந்த இரண்டாவது பாதிதான் கடினமானது. ஓர் ஆய்வு எதையாவது பொய்ப்பித்ததா, வெறுமனே கண்டுபிடிக்கத் தவறியதா என்பது அதில்தான் தெரியும்.

கொல்லையில் மாடு நிற்கவில்லை என்று சொல்ல, வாசற்படியில் நின்று ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். அதே கொல்லையில் தோட்டின் திருகாணி விழுந்து கிடக்கவில்லை என்று அதே பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. கண் ஒன்றுதான், பார்த்த இடமும் ஒன்றுதான். தேடிய பொருள் அந்தப் பார்வைக்குத் தட்டுப்படக்கூடியதா என்பதில்தான் வேறுபாடு. இந்திய மெய்யியலில் இது பழைய விவாதம். ஒரு பொருளின் இன்மையை எப்படி அறிகிறோம் என்ற கேள்விக்குக் குமாரில பட்டரின் மீமாம்சை மரபு ‘அனுபலப்தி’ என்ற தனிப் பிரமாணத்தை வைத்தது. காணாமையே இன்மைக்குச் சான்று என்பது அதன் பொருள். ஆனால், காணத் தக்க நிலையில் இருக்கும் ஒன்று காணப்படாதபோதுதான் அது சான்றாகும் என்று அந்த மரபு நிபந்தனை விதித்தது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை எண்ணிச் சொல்லும் அளவைகளிலும் ‘அபாவம்’ ஒன்றாக இருக்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் உணர்திறன் என்று சொல்வது பெரும்பாலும் அந்த நிபந்தனையின் எண் வடிவம்தான். என் கருவி எவ்வளவு சிறியதை, எவ்வளவு மங்கலானதைப் பிடிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகே ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

இதற்கு வானியல் வரலாற்றிலேயே நல்ல சான்று, இல்லாத ஒரு கோளின் கதை. பிரெஞ்சு வானியலாளர் உர்பேன் லெவெரியே 1859-இல் புதன் கோளின் பாதையில் ஒரு சிறு பிசகைக் கண்டார். புதன் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. அந்த நீள்வட்டத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும் இடமும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பைக் கணக்கில் எடுத்தால் அந்த நகர்வில் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. மிஞ்சியது நூறு ஆண்டுக்கு 38 விகலை. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. முழுநிலவின் அகலமே ஏறத்தாழ 1,800 விகலை. சைமன் நியூகோம் 1882-இல் மறுபடி கணக்கிட்டு மிச்சம் 43 விகலை என்று திருத்தினார். நூறு ஆண்டில் நிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். அதற்காகவே அவர்களை மதிக்கலாம். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே நாம் காணாத கோள் ஒன்று, அல்லது சிறு பொருள்களின் கூட்டம் ஒன்று, புதனை இழுக்கிறது என்பது லெவெரியே தந்த விளக்கம். அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயரும் வந்தது.

அடுத்து நடந்ததில் ‘கண்டேன்’ என்பவரும் ‘காணவில்லை’ என்பவரும் நேருக்கு நேர் மோதினார்கள். லெஸ்கர்போ என்ற கிராமத்து மருத்துவர், 1859 மார்ச் 26 அன்று சூரிய வட்டத்தின் மீது ஒரு கரும்புள்ளி கடந்து போனதைத் தம் தொலைநோக்கியில் பார்த்ததாக எழுதினார். லெவெரியே நேரில் போய் அவரைத் துருவித் துருவி விசாரித்து, நம்பினார். பிரேசிலில் இருந்த எம்மானுவேல் லியே என்ற வானியலாளரோ, அதே நேரத்தில் இன்னும் வலிய தொலைநோக்கியால் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் எந்தப் புள்ளியும் தென்படவில்லை என்றும் அறிவித்தார். லியே சொன்னதன் வலு எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். உலகில் அன்று எத்தனையோ பேர் வல்கனைக் காணவில்லை. அதில் பொருளே இல்லை. அதே நேரம், அதே சூரியன், அதைவிட நல்ல கருவி என்ற மூன்றும் சேர்ந்ததால்தான் லியேயின் காணாமைக்கு எடை வந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. லெஸ்கர்போ பார்த்த புள்ளியின் அளவிலிருந்து லெவெரியே கணக்கிட்ட நிறை, புதனின் நிறையில் பதினேழில் ஒரு பங்குதான். புதனின் பாதையைப் பிசகச் செய்ய அது போதவே போதாது. கண்டதாகச் சொன்னது மெய்யாகவே இருந்தாலும், வல்கன் எதற்குத் தேவைப்பட்டதோ அந்த வேலையை அது ஒற்றையாகச் செய்திருக்க முடியாது.

1878 ஜூலை 29 அன்று அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது ஜேம்ஸ் வாட்சன், லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற அனுபவசாலிகள் இருவர் சூரியனுக்கு அருகே புதிய ஒளிப்புள்ளிகளைக் கண்டதாகச் சொன்னார்கள். அவை ஏற்கனவே தெரிந்த கடக ராசி விண்மீன்களே என்று பீட்டர்ஸ் என்ற வானியலாளர் வாதிட்டார். கண்ணால் பார்த்துக் கையால் குறித்துக்கொள்ளும் வரை இந்தத் தகராறு தீரும் வழி தெரியவில்லை. ஒளிப்படத் தகடு வந்த பிறகுதான் தீர்ந்தது. கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த பெரைனும் கேம்பலும் 1901, 1905, 1908 ஆண்டுகளின் முழுக் கிரகணங்களின்போது சூரியனைச் சுற்றியுள்ள வானத்தைப் படமெடுத்தார்கள். தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலான விண்மீன்கள்கூட நூற்றுக்கணக்கில் பதிந்திருந்தன. எல்லாமே பட்டியலில் உள்ள விண்மீன்கள். கோள் ஒன்றும் இல்லை. அந்த விண்மீன்கள்தான் இங்கே முக்கியச் சாட்சிகள். இவ்வளவு மங்கலானவையே பதிந்திருக்கும்போது, சூரியனுக்கு அவ்வளவு அருகில் சில பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள பொருள் இருந்தாலும் பதிந்திருக்கும். 50 கிலோமீட்டர் விட்டமுள்ள பந்துகளைக் கூட்டி, 4,880 கிலோமீட்டர் விட்டமுள்ள புதனின் கன அளவை நிரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பந்துகள் வேண்டும். தகட்டில் தப்பக்கூடிய அளவுக்குச் சிறியவற்றால் புதனை இழுக்க வேண்டுமென்றால் அவை நம்பமுடியாத எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். 1909-இல் கேம்பல் இந்தச் சிக்கல் முடிந்தது என்று எழுதினார். அதை எழுதும் உரிமையை அவருக்குத் தந்தவை அந்தத் தகடுகள்.

இங்கே கார்ல் போப்பரின் பெயர் வராமல் இருக்காது. பொய்ப்பித்தலை அறிவியலின் அடையாளமாகவே ஆக்கியவர் அவர். ‘எல்லாம் இப்படித்தான்’ என்ற பொதுக்கூற்றை எத்தனை எடுத்துக்காட்டு அடுக்கினாலும் முழுமையாக மெய்ப்பிக்க முடியாது, ஆனால் ஒரே ஒரு மாறுபட்ட நிகழ்வு அதைப் பொய்ப்பித்துவிடும் என்பது 1934-இல் வெளிவந்த அவருடைய நூலின் மையக் கருத்து. இதன் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்ற கூற்றுக்குக் கணக்கு தலைகீழாகிறது. அதை மெய்ப்பிக்க ஒரே காட்சி போதும். பொய்ப்பிக்கவோ எல்லா இடத்தையும் தேட வேண்டும் போலத் தோன்றும். அப்படியானால் எதையும் ‘இல்லை’ என்று சொல்லவே முடியாதா? பேய் பிசாசு முதல் மருந்தின் பலன் வரை ‘இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?’ என்று கேட்பவர்கள் நிற்பது இந்த இடத்தில்தான். வல்கன் அதற்கு விடை தருகிறது. ‘எங்கோ ஏதோ ஒன்று’ என்ற வடிவில் வல்கனை யாரும் முன்வைக்கவில்லை. புதனை நூறு ஆண்டுக்கு இத்தனை விகலை நகர்த்தும் நிறை, சூரியனுக்கு இவ்வளவு அருகில் என்று அளவோடு சொல்லப்பட்டது. அளவு சொன்னதும் தேட வேண்டிய இடத்துக்கு வேலி வந்துவிட்டது. அதே பகுதியில் சிறுகோள்கள் சில இருக்கலாம் என்று வானியலாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஸ்டீரியோ விண்கலங்களின் படங்களைக் கொண்டு 2013-இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட எதுவும் அங்கே இல்லை என்று காட்டியது. அதைவிடச் சிறியவை இருக்கின்றனவா என்பது மெய்ப்பிக்கப்படாத நிலையில் இருக்கிறது. வல்கன் பொய்ப்பிக்கப்பட்டது என்ற முடிவை இது தொடுவதே இல்லை.

உணர்திறனைக் கணக்கில் எடுக்காமல் ‘இல்லை’ என்றால் எவ்வளவு பெரியவரும் வழுக்கிவிடலாம். டென்மார்க்கின் டைகோ பிராஹே தொலைநோக்கி இல்லாத காலத்தின் ஆகச் சிறந்த வான் அளவையாளர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் ஆறு மாத இடைவெளியில் நாம் விண்வெளியில் வேறுவேறு இடங்களில் நிற்கிறோம். அருகிலுள்ள விண்மீன்கள் சற்றே இடம் மாறித் தெரிந்தாக வேண்டும். பள்ளிப் பாடத்தில் வரும் இடமாறு தோற்றப்பிழை இதுதான். டைகோவின் கருவிகள் ஏறத்தாழ 60 விகலை, அதாவது ஒரு கலை வரை துல்லியமானவை. அவற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பூமி நகரவில்லை என்று அவர் கொண்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வாதத்தின் வடிவம் பழுதற்றது: நகர்ந்தால் தெரியும், தெரியவில்லை, ஆகவே நகரவில்லை. பழுது ‘தெரியும்’ என்ற சொல்லில் இருந்தது. 1838-இல் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர் அன்ன விண்மீன் கூட்டத்தில் 61 என்ற எண் கொண்ட விண்மீனுக்கு அந்த இடமாற்றத்தை அளந்தபோது அது ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக வரவில்லை. டைகோவின் துல்லியத்தைவிட அது ஏறத்தாழ இருநூறு மடங்கு சிறியது. டைகோவின் அளவீடுகள் பொய்யாகவில்லை. அவை உண்மையில் நிறுவியது, ‘விண்மீன்கள் இன்ன தொலைவுக்கு அருகில் இல்லை, அல்லது பூமி நகரவில்லை’ என்ற இரட்டைக் கூற்றை. இரண்டில் எது என்று சொல்லும் திறன் அவற்றுக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு கடினமான ஆட்சேபம் எழும். ‘விண்மீன்கள் வெகு தொலைவில் உள்ளன’ என்று கோப்பர்நிக்கஸ் பக்கத்தார் சொன்னது அன்றைக்குச் சாக்குப்போக்கு போலத்தான் ஒலித்திருக்கும். எந்தக் கொள்கையையும் இப்படி ஒரு துணைக்கூற்றைச் சேர்த்துக் காப்பாற்றிவிடலாமே, அப்படியிருக்க எதுவுமே உறுதியாகப் பொய்ப்பிக்கப்படுவதில்லையே என்று கேட்கலாம். பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் டூயெம் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: சோதனைக்குப் போவது தனியொரு கருதுகோள் இல்லை, அதோடு கருவி பற்றிய, சூழல் பற்றிய ஏராளமான நம்பிக்கைகளும் சேர்ந்தே போகின்றன, முடிவு பிசகினால் தவறு எதன் மேல் என்று சோதனை தனியாகச் சுட்டிக்காட்டாது. வரலாறு இதற்குச் சான்று தருகிறது. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், நியூட்டனின் விதி சொன்ன பாதையில் போகவில்லை. யாரும் நியூட்டன் பொய்த்துவிட்டார் என்று அறிவிக்கவில்லை. அதே லெவெரியே, காணாத கோள் ஒன்று யுரேனஸை இழுக்கிறது என்று கணக்கிட்டு வானத்தில் இடம் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோகான் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. வல்கனுக்குப் பின்னாலும் இதே தருக்கம்தான். முதல்முறை வென்றது, இரண்டாம் முறை தோற்றது.

டூயெமின் ஆட்சேபத்தை மறுக்க முடியாது. ஆனால் அது சொல்வதைவிட அதிகமாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளவும் கூடாது. துணைக்கூற்று சேர்ப்பது குற்றமில்லை. சேர்த்த துணைக்கூற்று தானும் சோதனைக்கு வந்து நிற்கிறதா என்பதே கேள்வி. நெப்டியூன் என்ற துணைக்கூற்று வானத்தில் ஓர் இடத்தைச் சொன்னது. தொலைதூர விண்மீன் என்ற துணைக்கூற்று, நல்ல கருவி வந்தால் இடமாற்றம் தெரியும் என்றது; இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனாலும் தெரிந்தது. வல்கனும் நேர்மையான துணைக்கூற்றுத்தான். சோதனைக்கு வந்ததால்தான் அதைப் பொய்ப்பிக்க முடிந்தது. அந்த வகையில் வல்கனின் தோல்வியை லெவெரியேக்கு இழுக்காக நான் கருதவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நழுவி, எந்தக் கருவிக்கும் எட்டாத இடத்துக்கே போய் நிற்கும் கூற்றைத்தான் ஐயத்தோடு பார்க்க வேண்டும். அதற்கு ‘பொய்’ என்ற பெயரும் பொருந்தாது. அது பொய்ப்பிக்கப்படும் தகுதியையே விட்டுக்கொடுத்துவிட்டது.

பொய்ப்பிப்பதாக வரும் கண்டுபிடிப்பும் ஒரு கூற்றுத்தான், அதற்கும் சோதனை உண்டு. 2011 செப்டம்பரில் ஆபெரா ஆய்வுக்குழு, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு வந்த நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்ததாக அறிவித்தது. ஒளியைவிட விரைவாக எதுவும் செல்லாது என்ற பொதுக்கூற்றுக்கு ஒரே மாறுபட்ட நிகழ்வு போதுமே! ஆனால் ஏற்கனவே வேறொரு தேடல் நடந்து முடிந்திருந்தது. 1987-இல் வெடித்துத் தெரிந்த, ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனிலிருந்து நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்புதான் வந்தன. அந்த முந்துதலுக்கும், வெடிப்பின் ஒளி விண்மீனுக்குள்ளிருந்து வெளிவரத் தாமதமாகும் என்பதே விளக்கம். ஆபெரா சொன்ன வேகம் அங்கேயும் பொருந்தியிருந்தால் அவை நான்கு ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். 2012-இல் பிழை பிடிபட்டது: சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி. அதே கிரான் சாஸோவில் இக்காரஸ் என்ற இன்னொரு குழு தனியாக அளந்து, ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போகும் முடிவைத் தந்தது. ஆபெரா குழு தன் அளவீட்டை ஒளிக்காமல் வெளியிட்டு, பிழை எங்கே என்று தேட உதவுங்கள் என்று மற்றவர்களைக் கேட்டதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

வல்கனைப் பொய்ப்பித்தவர் ஐன்ஸ்டைன் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 1915 நவம்பரில் பொதுச் சார்பியலிலிருந்து புதனின் 43 விகலையை அவர் கூடுதல் பொருள் எதுவும் இல்லாமல் வருவித்தபோது வல்கனின் தேவை அற்றுப்போனது. தேவை அற்றுப்போவது ஒரு நிலை. இல்லை என்று காட்டப்படுவது வேறொரு நிலை. முன்னதைக் கைவிடப்பட்டது என்று சொல்லலாம். ஒளி பரவ ஊடகமாகக் கருதப்பட்ட ஈதரை 1905-இல் அவர் தேவையற்றது என்றுதான் சொன்னார்.

இந்த வேறுபாடுகள் வானியலோடு நின்றுவிடுவதில்லை. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் முன்தடுப்பாக ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரையைப் பரிந்துரைத்தது. ஜூன் மாதம் இரண்டு ஆய்வு முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டுக்கும் ‘பலனில்லை’ என்றே தலைப்பு. ஒன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளில் குலுக்கல் முறையில் 1,561 பேருக்கு மாத்திரை. 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் முதல் குழுவில் 27 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 25 விழுக்காட்டினரும் இறந்தார்கள். தற்செயலுக்கு வழக்கமான அளவு இடம் கொடுத்து மாத்திரைக்கு மிகச் சாதகமாகக் கணக்கிட்டாலும், இறக்கும் வாய்ப்பை அது மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைத்திருக்காது. உயிர் காக்கும் மருந்து என்ற கூற்று, மருத்துவமனை நோயாளிகளைப் பொறுத்தவரை, இங்கே பொய்ப்பிக்கப்பட்டது. மற்றது அமெரிக்காவிலும் கனடாவிலும் 821 பேரிடம் நடந்த முன்தடுப்பு ஆய்வு. நோயாளியோடு தொடர்புக்கு வந்தவர்களில் மாத்திரை எடுத்தோரில் 11.8 விழுக்காட்டினருக்கும் எடுக்காதோரில் 14.3 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு என்றார்கள், அது சரி. ஆனால் 821 பேரை வைத்து, சிறிய பலன் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இது ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்ற நிலை. முன்தடுப்பாகச் சாப்பிட்டவர்களுக்கு ரெகவரி ஆய்வு விடை சொல்லவில்லை. 821 பேரின் ஆய்வு அரைகுறையாகவே சொன்னது. எனவே மேலும் ஆய்வுகள் தேவைப்பட்டன, நடந்தன. ஆறு குலுக்கல் முறை ஆய்வுகள், 6,000 பேருக்கு மேல் சேர்ந்த பிறகு, 2021 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் முன்தடுப்புக்கு இந்த மாத்திரை வேண்டாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தது. இறப்பிலும் மருத்துவமனையில் சேர்வதிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்பதற்கு அந்த அறிக்கை உயர்ந்த உறுதி கொடுத்தது. தொற்று வருவதிலும் பலன் இல்லை என்பதற்கு நடுத்தர உறுதிதான் கொடுத்தது.